கடல் கடக்கும் ஒளிமணி

கல்முனைக்குடியின் கடற்கரை வீதியில் ஒரு வீடு. மாலை நேரம். கரைவலை இழுத்தோர் மீனைப் பங்கிட்டுக்கொண்டு கலைந்துவிட்டனர். விறாந்தையில் அமர்ந்திருக்கும் தாய், கத்தாரில் தொழில் புரியும் மூத்த மகனுடன் கைத்தொலைபேசியில் உரையாடுகின்றாள். “மனே, சாப்பிட்டியா?” என்ற வினா இங்கிருந்து புறப்படுகின்றது, அடுத்த கணமே “ஓம் உம்மா” என்ற விடை வந்து சேர்கின்றது. அருகில் நின்ற இளையவன் கேட்கின்றான்: “உம்மா, காக்காட குரல் எந்த வழியால வருது?” தாய் சிரித்தபடி எதிரே விரிந்து கிடந்த கடலைக் கைநீட்டிக் காட்டுகின்றாள்.

திசையை நோக்கின் தாயின் விடை பிழை. எமது கடல் கிழக்கே கிடக்கின்றது. கத்தாரோ மேற்கே உளது. ஆயினும் பொருளை நோக்கின் அதுவே சரியான விடையாகும். கைத்தொலைபேசியிலிருந்து அண்மையிலுள்ள கோபுரம் வரை வானொலி அலையாகச் செல்லும் குரல், அதன்பின் பெரும்பாலும் தலைமயிரை ஒத்த கண்ணாடி இழைகளினூடே ஒளியாகச் செல்கின்றது. நிலத்தின் கீழும் கடலின் அடியிலும் கிடக்கும் வடங்களில் அவ்விழைகள் பொதியப்பெற்றுள்ளன. மாத்தறையிற் கரையேறும் கடலடி வடமொன்று சிங்கப்பூருக்கும் பிரான்சின் தூலோன் நகருக்கும் இடையே ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இவ்வடம் அரபு நாட்டுத் துறைகள் சிலவற்றையும் தொட்டுச் செல்கின்றது.

அவ்விழைக்குள் ஒளியை ஊட்டுவது யாது? சூரியனும் அன்று, மின்குமிழும் அன்று. அரிசி மணியினும் சிறிய ஒரு பளிங்குத் துண்டே அதனைச் செய்கின்றது. குறைகடத்தி இருவாயி லேசர் என்பது அதன் பெயர். இறுவட்டைப் படித்துப் பாட்டாக்குவதும் அதன் இனமே. கடைகளிற் பொருளின் கோட்டுக் குறியின் மீது ஓடும் சிவப்புக் கோடும் பல இடங்களில் அதன் கதிரே. வகுப்பிற் சுவரைச் சுட்டும் சிறு விளக்கும் அதுவே. நாள்தோறும் எம் கைப்படும் இப்பொருளின் உள்ளே நிகழ்வது யாது என்பதை எம் மாணவர் தம் மொழியில் அறிந்துகொள்ளல் வேண்டும். அதற்கு வேண்டிய உவமைகளையெல்லாம் எமது வயலும் கடலும் தறியுமே தந்து நிற்கின்றன.

சந்தைக் கூட்டமும் கரைவலையும்

மின்குமிழின் ஒளி சந்தைக் கூட்டத்தைப் போன்றது. அணுக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய திசையில் ஒளியை வீசுகின்றன. ஒன்றின் செயலை மற்றொன்று அறியாது. ஆகவே அவ்வொளி எல்லாப் புறமும் சிதறுகின்றது. பல நிறங்கள் அதிற் கலந்திருக்கின்றன.

லேசர் ஒளியோ கரைவலை இழுப்பதைப் போன்றது. இருபது பேர் கயிற்றைப் பற்றியிருப்பினும், ஒவ்வொருவரும் வெவ்வேறு கணத்தில் இழுத்தால் வலை அசையாது. ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதன் தாளத்துக்கு ஒருமித்துக் கால் பெயர்க்கின்றனர், வலை கரையேறுகின்றது. அங்கே வெற்றி தருவது வலிமை மாத்திரம் அன்று, ஒழுங்குமாகும். லேசரில் உள்ள ஒளி அலைகளும் அவ்வாறே ஒரே நிறமாய், ஒரே திசையாய், ஏற்றமும் இறக்கமும் ஒத்துச் செல்கின்றன. மிகச் சிறிய மின்வலுவில் இயங்கும் ஒரு பளிங்கின் ஒளியை மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி உள்ளகத்திற் புகுத்த முடிவது இவ்வொழுங்கினாலேயே.

இந்த ஒத்திசைவுக்கு அடிப்படையான கருத்தை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அல்பேட் ஐன்ஸ்டைன். உயர்ந்த சக்திநிலையில் நிற்கும் ஓர் இலத்திரன் தானாகவே கீழே இறங்கி ஒளித் துணிக்கை ஒன்றை வெளிவிடலாம். அன்றேல், பொருத்தமான சக்தியுடைய ஒளித் துணிக்கை ஒன்று அதனைக் கடந்து செல்லும்போது, அதனால் தூண்டப்பட்டும் இறங்கலாம். இரண்டாம் வகையிற் பிறக்கும் ஒளி, தன்னைத் தூண்டிய ஒளியின் நேர்ப்படியாக அமைகின்றது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதனைத் தூண்டற் காலல் என்பர். அம்பாப் பாட்டை முதலில் எடுத்துக் கொடுப்பவனின் பணியை இங்கு முதல் ஒளித் துணிக்கை செய்கின்றது.

மேட்டு வயலும் பள்ள வயலும்

இங்கினியாகலையிற் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தை எம்மில் அறியாதார் இலர். உயரத்தில் தேங்கிய நீர் கீழே இறங்கும்போது மின்சாரம் தருகின்றது. குறைகடத்தியில் இலத்திரன்களின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. அங்கு இலத்திரன்கள் இருப்பதற்கு இரண்டு சக்திப் பட்டைகள் உள. மேலுள்ளது கடத்தற் பட்டை. கீழுள்ளது வலுவளவுப் பட்டை. இரண்டுக்கும் இடையில் இலத்திரன் தங்க இயலாத ஓர் இடைவெளி உண்டு. மேலிருந்து கீழே விழும் இலத்திரன், அந்த இடைவெளிக்குச் சமமான சக்தியை வெளிவிடுகின்றது.

அச்சக்தி ஒளியாவதும் வெப்பமாவதும் பளிங்கின் இயல்பைப் பொறுத்தது. கணிப்பொறியின் உயிர்நாடியான சிலிக்கனில், இறங்கும் இலத்திரன் தன் உந்தத்தையும் மாற்ற வேண்டியிருப்பதால், சக்தி பெரும்பாலும் வெப்பமாகவே கழிகின்றது. கலியம், ஆசனிக்கு என்ற இரு மூலகங்கள் சேர்ந்த கலியம் ஆசனைட்டில் இத்தடை இல்லை. இலத்திரன் நேரே இறங்கி, கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ் ஒளியைத் தருகின்றது.

இனி, ஒரு சிக்கல். ஓர் ஒளித் துணிக்கை மேலே நிற்கும் இலத்திரனைச் சந்தித்தால் இரண்டாகப் பெருகும். கீழே நிற்பதைச் சந்தித்தாலோ அதனை மேலேற்றித் தான் அழிந்துபோகும். இயற்கையிற் கீழே நிற்பனவே மிகப் பல. ஆகவே பெருகுவதினும் அழிவதே அதிகம். லேசர் பிறக்க வேண்டுமாயின் இந்நிலை தலைகீழாதல் வேண்டும். மேலே நிறையவும் கீழே வெறுமையாகவும் இருத்தல் வேண்டும்.

இதனை இருவாயி எளிதிற் செய்கின்றது. பளிங்கின் ஒரு பகுதியில் ஒருவகை மாசைச் சேர்த்து மிகையான இலத்திரன்கள் உள்ளதாக ஆக்குவர். அஃது என் வகை. மறு பகுதியில் வேறொரு மாசைச் சேர்த்து இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், நிறைந்ததாக ஆக்குவர். அது பீ வகை. இரண்டும் கூடும் இடம் சந்தி எனப்படும். மின்னோட்டத்தை உரிய திசையிற் செலுத்தினால், ஒரு புறமிருந்து இலத்திரன்களும் மறு புறமிருந்து துளைகளும் சந்தியில் வந்து குவிகின்றன. மேலே நிறைவு, கீழே வெறுமை என்ற நிலை அம்மெல்லிய படையில் உண்டாகின்றது.

மின்னோட்டம் குறைவாயின் அங்கே தோன்றுவது சாதாரண ஒளியே. நுழைவாய் மின்னோட்டம் எனப்படும் ஓர் எல்லையைக் கடந்ததும் நிலை மாறுகின்றது. பளிங்கின் இரு முனைகளும் கண்ணாடி போற் சமமாக அமைந்திருத்தலால், ஒளியின் ஒரு பகுதி மீண்டும் மீண்டும் உள்ளே தெறித்து ஓடுகின்றது. ஒவ்வோர் ஓட்டத்திலும் அது பெருகுகின்றது. வெளியே கசிந்தும் உள்ளே உறிஞ்சப்பட்டும் போகும் இழப்பைப் பெருக்கம் ஈடு செய்யும் கணத்திற் சந்தைக் கூட்டம் கரைவலையாகி விடுகின்றது. இதற்கெனத் தனி ஆடி வைக்க வேண்டியதில்லை. பளிங்கை அதன் இயற்கைத் தளத்திற் பிளந்தாலே பளபளப்பான முகம் கிடைக்கும். அம்முகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்யும்.

வரம்பு கட்டிய கதை

உலகின் முதல் லேசரை 1960ஆம் ஆண்டில் மாணிக்கப் பளிங்கைக் கொண்டு தியோடர் மெய்மன் இயக்கினார். இரண்டாண்டுகளின் பின், 1962 இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் ஆய்வுகூடங்கள் சில ஒன்றையொன்று முந்த முயன்று, சில வாரங்களுக்குள் குறைகடத்தி லேசரைச் செய்து முடித்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் றொபேட் ஹோல் முதலில் வென்றார். இளமையில் தொலைநோக்கி செய்து பழகிய அவர், பளிங்கின் முகங்களைத் தேய்த்து மெருகிடுவதில் அந்தப் பயிற்சியைப் பயன்படுத்தினார். ஐ.பி.எம். நிறுவனத்தில் மார்ஷல் நேதன் குழுவினரும், லிங்கன் ஆய்வுகூடத்தினரும் அடுத்தடுத்து வெற்றி கண்டனர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மற்றொரு கூடத்தில் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையே உண்டாக்கினார்.

வெற்றி பெரிது, பயன் சிறிது. திரவ நைதரசனில், அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசில், அமிழ்த்தி வைத்து, மின்னலைப் போன்ற கணநேரத் துடிப்புகளாக மின்னோட்டத்தைச் செலுத்தினால் மாத்திரமே அவை ஒளிர்ந்தன. அறை வெப்பநிலையில் இயக்குவதற்குச் சதுர சென்ரிமீற்றருக்குப் பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டம் வேண்டியிருந்தது. அத்தனை மின்னோட்டம் இடைவிடாது சென்றாற் பளிங்கு கருகிவிடும். வரம்பில்லாத வயலில் நீர் பாய்ச்சிய கதைதான் அது. இலத்திரன்கள் சந்தியில் நில்லாது அப்பாற் பரவின. ஒளியும் பக்கங்களிற் கசிந்தது.

வரம்பு கட்டும் வழியை 1963ஆம் ஆண்டில் இருவேறு நாடுகளில் தனித்தனியே கண்டனர். அமெரிக்காவில் ஹேபேட் குறோமரும், சோவியத் ஒன்றியத்தில் ஷோறெஸ் அல்பெரோவும் ருடொல்ப் கசறினோவும் முன்வைத்த எண்ணம் ஒன்றே. ஒரே பொருளாலான சந்திக்குப் பதிலாக, நடுவில் ஒரு மெல்லிய படையும் அதன் இரு புறமும் சக்தி இடைவெளி அதிகமான வேறு படைகளும் வைத்தல் வேண்டும் என்றனர். புறப்படைகள் இலத்திரன்களையும் துளைகளையும் வரம்பு போல் நடுவே தடுத்து நிறுத்தும். அவற்றின் முறிவுச் சுட்டி குறைவாதலால் ஒளியையும் நடுவிலேயே அடக்கி வைக்கும். ஒரே வரம்பு நீரையும் காத்து வெயிலையும் காப்பது போன்ற அற்புதம் இது.

குறோமர் அனுப்பிய கட்டுரையை முதலில் ஒரு விஞ்ஞான இதழ் ஏற்க மறுத்தது. அது வேறோர் இதழில் வெளிவந்தது. இவ்வகை லேசரால் நடைமுறைப் பயன் எதுவும் விளையாது என்று கூறி, அதனைச் செய்து பார்க்கும் வசதியும் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் பின்னாளில் இதனைத் தாமே எடுத்துரைத்துள்ளார். ஒரு கண்டுபிடிப்பின் பயன் அது பிறக்கும் நாளிலேயே தெரிவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எண்ணம் எளிது; செய்கை அரிது. மருதமுனைத் தறிகளைப் பார்த்தோர் இதன் காரணத்தை உடனே அறிவர். இழை நெருக்கம் வேறுபட்ட இரு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் தையல் சுருங்கும், துணி இழுபடும். பளிங்குகளும் அணுக்களாலான நெசவுகளே. அணுக்களின் இடைத்தூரம் ஒவ்வாத இரு பளிங்குகளை ஒன்றன் மேல் ஒன்றாய் வளர்த்தால் எல்லையிற் பழுதுகள் தோன்றும். ஒளி அங்கே மடிந்துவிடும். கலியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அலுமினியத்தைச் சேர்த்தால் சக்தி இடைவெளி கூடும். ஆயின் அணுக்களின் இடைத்தூரமோ ஏறத்தாழ மாறாது. இந்த நற்பேறே வழியைத் திறந்தது. 1970ஆம் ஆண்டில் லெனின்கிராட்டில் அல்பெரோவ் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இசுவோ ஹயாஷி, மோட்டன் பனிஷ் ஆகியோரும், அறை வெப்பநிலையில் இடைவிடாது ஒளிரும் இருவாயி லேசரை இயக்கிக் காட்டினர். நுழைவாய் மின்னோட்டம் பல்லாயிரத்திலிருந்து ஆயிரத்தளவுக்கு இறங்கிவிட்டது. குறோமரும் அல்பெரோவும் 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

கண்ணாடியும் கடலும்

அதே 1970ஆம் ஆண்டில் மற்றொரு கதவும் திறந்தது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி அதனூடே நெடுந்தூரம் செல்லும் என்று சாள்ஸ் காவோ 1966இற் காட்டியிருந்தார். அதற்கேற்ற இழையைக் கோர்ணிங் என்ற அமெரிக்க நிறுவனத்தினர் 1970இற் செய்தனர். ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஒளி எஞ்சும் அளவு. அதுவே அன்று பெரும் சாதனை. இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு, நூறு கிலோமீற்றர் சென்ற பின்னரே எஞ்சும் அளவு. இழையின் இழப்பு மிகக் குறைவாக இருப்பது 1,550 நனோமீற்றர் அலைநீளத்தின் அண்மையிலாகும். அவ்வொளியைத் தரும் லேசர்களை இந்தியம், கலியம், ஆசனிக்கு, பொசுபரசு ஆகிய மூலகங்களின் சேர்வைகளாற் செய்கின்றனர்.

நூறு கிலோமீற்றர் எங்கே, இருபதினாயிரம் எங்கே? ஆதலினாற் கடலடி வடத்தில் இடையிடையே பெருக்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே ஏர்பியம் என்ற மூலகம் கலந்த ஒரு துண்டு இழை இருக்கின்றது. வேறோர் இருவாயி லேசர் அந்த ஏர்பியம் அணுக்களை உயர்நிலைக்கு ஏற்றி வைக்கின்றது. களைத்து வரும் ஒளி அவற்றைத் தூண்டித் தன் வலிமையை மீளப் பெறுகின்றது. ஆக, ஐன்ஸ்டைன் கண்ட அதே தூண்டற் காலல், வெயில் எட்டாத ஆழத்தில் இரவு பகலாக நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. இழையில் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். ஐயாயிரம் கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஒரு செக்கனில் நாற்பதில் ஒரு பங்கே போதும். உம்மாவின் வினாவுக்கு மகனின் விடை உடனே வந்த மருமம் இதுவே.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டுக் கூற வேண்டும். இத்தகைய ஒளி கண்ணினுட் புகுந்தால் விழித்திரையில் மிகச் சிறிய ஒரு புள்ளியிற் குவிந்து அதனைச் சுட்டுவிடக் கூடும். விளையாட்டுப் பொருளென விற்கப்படும் சுட்டொளிகளை ஒருவர் முகத்திற் பாய்ச்சலாகாது. அறுந்த ஒளியிழையின் முனையை உற்றுப் பார்த்தலும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாமையால் அங்கே ஒளி இல்லையென எண்ணுதல் பிழையாகும்.

கடல் சொல்லும் செய்தி

இவ்வளவும் குரலைச் சுமக்கும் ஒளியின் கதை. எமது கரைக்கு இதனில் இன்னுமொரு பங்கு உண்டு.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி அதிர்ந்தது. அலை எமது கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. அத்தனை நேரமும் கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மக்கள் தம் அன்றாட அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். செய்தி வருவதற்கு நேரம் இருந்தது, செய்திதான் வரவில்லை. அன்றும் இந்துமாகடலின் அடியில் ஒளியிழை வடங்கள் கிடந்தன. அவை ஊரார் குரலையெல்லாம் சுமந்தன. தாம் கிடந்த தரையின் நடுக்கத்தை எடுத்துச் சொல்லும்படி அவற்றை எவரும் கேட்கவில்லை.

இன்று கேட்கத் தொடங்கியுள்ளனர். ஒளி அலைக்கு அதிரும் தளம் ஒன்று உண்டு. அதன் ஒழுங்கை முனைவாக்கம் என்பர். கடலடித் தரை அசைந்து இழை சிறிது முறுகினாலும் அமுங்கினாலும் அந்தத் தளம் மாறுகின்றது. நிலத்தில் வண்டிகளும் வெப்பமாற்றமும் இழையை எந்நேரமும் குழப்பும், ஆழ்கடலோ அமைதியானது. ஆகையால் அங்கே சிறு மாற்றமும் தெளிவாகத் தெரியும். லொஸ் ஏஞ்சல்சுக்கும் சிலி நாட்டின் வல்பறைசோவுக்கும் இடையே ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் செல்லும் கியூரி என்ற வடத்தில் இதனைச் சோதித்தனர். புதிய கருவி எதனையும் கடலில் இறக்காமல், அன்றாடச் செய்திகளைச் சுமந்த அதே லேசர் ஒளியை மாத்திரம் ஆராய்ந்து, சுமார் இருபது நிலநடுக்கங்களையும் கடல் அலைகளின் எழுச்சியையும் கண்டறிந்ததாகக் கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இஃது இன்னும் ஆய்வு நிலையிலுள்ள முயற்சியே. கடலடி அமுக்கமானிகளுக்கும் நிலநடுக்கமானிகளுக்கும் இது மாற்றாகாது, அவற்றுக்குத் துணையாகலாம். ஆயினும், தாம் செய்யும் பொருளால் ஆகும் பயன் என்னவென்று அறியாமலே 1962இற் பளிங்கை மெருகிட்டவர்களின் உழைப்பு, எமது கரையின் காவலுக்கும் ஒருநாள் உதவக் கூடும்.

அந்த உதவி தானாக வந்து சேராது. ஒளியின் தளம் மாறுவதைப் பார்த்து இது நடுக்கம், இஃது அலை, இது வெறும் நீரோட்டம் எனப் பிரித்தறியும் கல்வியாளர் வேண்டும். ஒலுவிலிற் பல்கலைக்கழகம் இருக்கின்றது; சம்மாந்துறையில் அதன் விஞ்ஞான பீடம் இருக்கின்றது. எமது பாடசாலைகளிலும் உயர்தர வகுப்பு மாணவர் பீ வகை, என் வகை என்று தமிழிலேயே எழுதிப் படிக்கின்றனர். பரீட்சைக்கு மனனம் செய்யும் அந்த இரு சொற்களுக்குள்ளேதான் காக்காவின் குரலும், ஒருவேளை எமது கரையின் உயிரும் அடங்கியுள்ளன என்பதை ஆசிரியர்கள் அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். இளையவன் கேட்ட வினாவை விளையாட்டென்று விட்டுவிடலாகாது. தாய் கடலைக் காட்டினாள். அதற்கு மேலுள்ள விடையைக் காட்டுவது பாடசாலையின் கடன்.